மாயாண்டியின் நெஞ்சில் கேட்ட சத்தம்

“ஒட்டுப் போட்ட எந்தச் சாமானும் உருப்படாதுலா. மாத்து! இல்லன்னா தூக்கி எறி!”

லாபு ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தண்ணீர்ப் பம்பைக் கட்டி மேய்த்துவந்த மாயாண்டி உலகத்துக்கு அருளிய உபதேசம் இது. சைக்கிள் டியூப், மழைக்கோட்டு, மனைவி தாயம்மாவின் அலுமினியக் குண்டான் என்று எதற்கும் அவர் ஒட்டுப் போட விட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் அவருடைய இதயமே ஒழுக ஆரம்பித்தது. பம்பு வீட்டு மேட்டை ஏறுவதற்குள் மூச்சு முட்டியது, கால் வீங்கியது. கோலாலம்பூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். இதயத்துக்குள் கதவு போல இருக்கும் வால்வு சரியாக மூடாமல், முன்னால் போகவேண்டிய ரத்தம் பின்னால் வழிகிறதாம். வாஷர் போன பம்புதான் என்று மாயாண்டிக்கு உடனே விளங்கிவிட்டது.

“திறந்து பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவோம், ஐயா. முடிஞ்சா உங்க வால்வையே தைச்சு, சுத்தி ஒரு வளையம் வைப்போம். முடியலன்னா இரும்பு வால்வு. இரும்பு லேசுல தேயாது. ஆனா ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடணும். தைச்சா அந்தத் தொல்லை இல்ல. நெறைய பேருக்கு நல்லா நிக்குது. சில பேருக்கு மறுபடியும் ஒழுகும்.”

இத்தனை பேச்சிலும் மாயாண்டி வீட்டுக்கு எடுத்துவந்தது இரும்பை மட்டும்தான். ராசா ஊரில் ஒரு லாரி டிரைவருக்கு அதை வைத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் டிக் டிக் என்று கேட்குமாம். “மிஷினோட வரேன் பாரு!” என்று லயத்தில் வீடு வீடாகச் சொல்லிவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் படுத்தார்.

கண் விழித்ததும் டாக்டரம்மா சிரித்த முகமாக, “உங்க வால்வையே தைச்சிட்டோம்” என்றார். மாயாண்டிக்கு வாழ்க்கை வெறுத்துவிட்டது.

வீடு திரும்பிய அன்று வரிசையில் நின்று நெஞ்சில் காது வைத்தார்கள். முதல் காது அடுத்த வீட்டுச் சன்னாசியுடையது.

“ஒண்ணும் கேக்கலியே மச்சான்! உள்ள ஏதாச்சும் வச்சாங்களா, சும்மா தைச்சு அனுப்பிட்டாங்களா?”

“புண்ணு ஆறணும்லா. அப்புறந்தான் ஓடும்.”

ஒரு மாதத்தில் ஓடத்தான் செய்தது. பழைய துரை ஒருவர் மாயாண்டியின் அப்பாவுக்குக் கொடுத்த சாவிக் கடிகாரம், பனியனுக்குள், இடது பக்கம். தாயம்மாவுக்கு மட்டுமே தெரிந்த மருத்துவம். தோட்டத்து ஆபீஸ் கிராணிகூட வந்து கேட்டுவிட்டு, விஞ்ஞானத்தை மெச்சிப் போனார். ஒரு தடவை சாவி கொடுக்க மறந்து, கொப்பிக் கடையில் காப்பி குடிக்கும்போது சத்தம் சட்டென்று நின்றது. “நின்னுபோச்சு! மாயாண்டி போயிட்டான்!” என்று சன்னாசி அலற, நாலு பேர் தூக்கிக் கிடத்தித் தண்ணீர் தெளித்தார்கள். “விடுங்கடா, அது ரெஸ்ட் எடுக்குது” என்றார் போனவர்.

நெஞ்சுக்குள் தைத்த ஒட்டோ, பேரும் புகழும் வேண்டாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாயாண்டி இப்போது மேட்டை ஒரே மூச்சில் ஏறினார். ஆண்டுதோறும் ஸ்கேன் பார்த்து “ஒழுகல” என்பார் டாக்டரம்மா. அந்த அவமானத்தை மாயாண்டி வெளியே சொல்வதில்லை.

மூன்றாம் ஆண்டு, கோலா சாவாவில் வாழ்க்கைப்பட்ட தங்கை பஞ்சாலை அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கும் அதே கோளாறு. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள்.

“நான் பண்ணிக்கப் போறதில்லண்ணே.”

“ஏன் புள்ள?”

“உன் பக்கத்துல உட்காந்தாலே டிக் டிக்குங்குது. இத நெஞ்சுல வச்சுக்கிட்டு எப்படித் தூங்குறது? எப்ப நிக்குமோன்னே உசுரு போயிரும். டாக்டரு தைக்கலாங்கிறாரு. ஒட்டுப் போட்டது உருப்படாதுன்னு நீதானே சொல்லுவ? வேணாம். இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்.”

வாசற்படியில் சன்னாசி, கையில் கொப்பிக் கிளாஸும் காதில் முழுக் கவனமுமாக உட்கார்ந்திருந்தான். அடுப்படியிலிருந்து தாயம்மா எட்டிப் பார்த்தாள். அவள் பார்வை மாயாண்டியின் பனியன் மேலேயே நின்றது.

மாயாண்டி தொண்டையைச் செருமினார். பனியனுக்குள் கைவிட்டுக் கடிகாரத்தை எடுத்தார். எழுந்து போய்ச் சன்னாசியின் மடியில் வைத்தார்.

“இதக் கொஞ்சம் வெளிய கொண்டுபோ மச்சான்.”

சன்னாசி அதைக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டே வெளியே போனான்.

“வா புள்ள.” தங்கையின் தலையை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார். “இப்பக் கேளு.”

பஞ்சாலை வெகுநேரம் கேட்டாள்.

“டிக் டிக்க காணோமே அண்ணே? சும்மா… எல்லாரு நெஞ்சு மாதிரியும் அடிக்குது.”

“ஒட்டுதான்” என்றார் மாயாண்டி, தரையைப் பார்த்துக்கொண்டு. “மூணு வருசமா ஒழுகல.”