ஒற்றைக்கை முடிச்சு

நான் இறங்கும் மண்ணச்சநல்லூர் வருவதற்குள் டாக்டர் ரஞ்சனி பஸ்ஸின் சன்னல் கம்பியில் இருபது முடிச்சாவது போட்டுவிடுவாள். கறுப்புப் பட்டு நூல். ஆபரேஷன் தியேட்டரில் தையல் முடிந்து மீந்த துண்டுகளையெல்லாம் கைப்பையின் ஓரத்து அறையில் அடைத்து வைத்திருப்பாள். வலது கை பையைப் பிடித்திருக்கும். இடது கை மட்டும் நூலைச் சுண்டி, விரலுக்குள் திருப்பி, இறக்கி, நெருக்கும். கண் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருக்கும். கண்டக்டர் வந்தால் வலது கை சில்லறையை நீட்டும். இடது கை வேலையை நிறுத்தாது.

"பாத்துக்கிட்டே போட்டா அது முடிச்சு இல்ல சார், கோலம்," என்பாள். "கண்ணு போகாத எடத்துக்குள்ள விரலு போயி கட்டிட்டு வரணும். ஒரு கையில."

இருபத்தெட்டு வயது டாக்டரை அவள் இவள் என்று எழுதுகிறேனே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் மண்ணச்சநல்லூர் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார். ஞாயிறு காலையில் ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடம் பக்கத்து மைதானத்தில் நடக்கும் பெண்கள் கால்பந்து லீக்குக்கு நான்தான் நடுவர். ரஞ்சனி அதில் கோல்கீப்பர். விசில் வாயில் இருக்கும்வரை எனக்கு எல்லோரும் 'அவள்'தான். வெளியே வந்துவிட்டால் 'டாக்டர்' என்று மரியாதையாகவே கூப்பிடுகிறேன். என் குடல்வால் ஆபரேஷன் தையலைப் பிரித்தவள் அவள். மரியாதை இல்லாமல் போகுமா?

அறுவை சிகிச்சை மேற்படிப்பில் இது அவளுக்குக் கடைசி வருடம். தை முதல் பங்குனி வரை மூன்று மாதம் துறையூர் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க அனுப்பியிருந்தார்கள். கூடப் படித்தவர்கள் மணாலி, கோவா என்று லீவில் போய்ப் படம் போட்டபோது, இவள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சூரியன் உதிப்பதைப் படம் பிடித்துப் போட்டாள். கீழே ‘டூர், நாள் 41’ என்று ஒரு வரி. அவள் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில். திருவானைக்காவலில் நின்றாலே துறையூர் பஸ் வரும். ஆனால் அங்கே ஏறினால் சன்னல் ஓரம் கிடைக்காதென்று, காவிரியைத் தாண்டி எதிர்த்திசையில் சத்திரம் வரை போய், அங்கிருந்து உட்கார்ந்து மறுபடி காவிரியைத் தாண்டி வருவாள். ஒரு கம்பிக்காகத் தினமும் இரண்டு தடவை ஆற்றைக் கடந்த டாக்டர் திருச்சி ஜில்லாவில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

மாடியை அவளுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் சுபலட்சுமி மாமிக்கு இந்த நூல் பழக்கத்தில் பெரிய வருத்தம். கொடிக்கயிறு, கேட் கொக்கி, தண்ணீர்க் குடத்தின் பிடி எல்லாவற்றிலும் கறுப்பு முடிச்சு. ஒருநாள் பெருமாள் படத்துக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்த மாமி, "நீயும் ரெண்டு கண்ணி கட்டேண்டி, புண்ணியமாப் போகும்," என்று வாழைநாரைக் கையில் கொடுத்துவிட்டார். டாக்டர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து ஒரு சாண் கட்டினாள். மறுநாள் வாடிய பூவைக் களைய முடியவில்லை. "ரங்கா! நேத்து சாத்தின புஷ்பத்தை எடுக்க அரிவாள்மணையா கொண்டு வரணும்? உசிரோட கட்டிப் போட்டிருக்காளே!" என்று மாமி தெருவுக்கே கேட்கிற மாதிரி புலம்பினார். அதற்குப் பிறகு பூக்கூடையை அவள் கண்ணில் காட்டுவதில்லை.

சாப்பாட்டு விஷயத்திலும் ஒரு விசேஷம் உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்வார்கள். இவள் மட்டும் கோல் கம்பத்தில் சாய்ந்து நாலு இட்லியை நாலு நிமிஷத்தில் முடிப்பாள். "எப்ப போன் வரும்னு தெரியாது சார். இருக்கும்போது தின்னுடணும்." அவள் அணியில் எல்லோரும் டாக்டர்களும் நர்ஸுகளும்தான். அணியின் பெயர் ‘ஓ.பி. சீட்டு’. அவர்களே வைத்துக்கொண்டது. ஏழு பேர் ஆட வேண்டும். ஏழாவது ஆளாக யாராவது டியூட்டி முடித்து ஓடி வருவாள்.

ஆட்டத்தில் ரஞ்சனி கெட்டிக்காரிதான். பந்து எதிர்ப்பக்கம் போகும்போதுதான் ஆபத்து. எங்கள் மைதானத்து வலை பழைய வலை. பத்து இடத்தில் அறுந்து தொங்கும். தொங்குகிற நூலைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் முடிச்சுப் போட ஆரம்பித்துவிடுவாள். வலையில் பாதியை இந்த வருடம் அவள்தான் தைத்திருக்கிறாள். அதற்காக இரண்டு கோலும் வாங்கியிருக்கிறாள்.

இனி பொன்னுத்தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாசி மாதம் துறையூரிலிருந்து பச்சைமலைக்கு மருத்துவ முகாம் போனார்கள். அங்கே கழுத்தில் தேங்காய் அளவுக்குத் தைராய்டு கட்டி வளர்ந்த ஓர் அம்மாள், முந்தானையால் மூடிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். பத்து வருடமாக அப்படியே மூடி வைத்திருந்தவர். கட்டி மூச்சுக்குழாயை நெரிக்க ஆரம்பித்திருந்தது. கத்தி என்றதும் எழுந்து போய்விட்டார். முகாம் முடிந்து பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தபோது, பள்ளிக்கூடத்துப் பெண்கள் உதைத்த பந்தை ரஞ்சனி பாய்ந்து பாய்ந்து பிடித்துக்கொண்டிருந்தாளாம். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பொன்னுத்தாய் பக்கத்தில் வந்து, "பந்தையே கீழ வுடாம அணைச்சுப் புடிக்குது இந்தப் புள்ள. இதுன்னா நான் கழுத்தக் காட்டுறேன்," என்று சொல்லிவிட்டார்.

மேற்படிப்பு மாணவர்களுக்குப் பெரிய ஆபரேஷன் எளிதில் கைக்கு வராது. இரண்டு வருடம், அறுத்த இடத்தை விலக்கி வைக்கும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் அவளுடைய தலைமை டாக்டரான ஜஹானாரா மேடம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உன்ன நம்பி மலையிலிருந்து இறங்கி வர்றாங்க. நீ பண்ணு, நான் பக்கத்துல நிக்கிறேன்," என்று வைகாசியில் ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். இப்படி ஒரு நாளுக்காகத்தான் அத்தனை சன்னல் கம்பியும்.

அதற்கு முந்தைய ஞாயிறு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பந்து எதிர்ப்பக்கம் இருந்தது. டாக்டர் முதுகுக்குப் பின்னால் வலையோடு ஈடுபட்டிருந்தாள். திடீரென்று பந்து இந்தப் பக்கம் திரும்ப, இவள் பாய, இடது சுண்டு விரல் மட்டும் அவள் போட்ட முடிச்சிலேயே மாட்டிக்கொண்டு பின்தங்கிவிட்டது. அது நழுவாத முடிச்சு; நழுவவில்லை. விரல்தான் மடங்கியது. கத்தரிக்கோலால் வெட்டி நான்தான் எடுத்துவிட்டேன். மேடத்திடம் என்ன சொன்னாள் தெரியுமா? "பந்து பட்டுருச்சு மேடம்." மேடம், இனிமேல் மைதானத்துப் பக்கமே போகக்கூடாதென்று உத்தரவு போட்டார்.

பொன்னுத்தாய்க்கு மேடமே ஆபரேஷன் செய்வதாகச் சொன்னார். அந்த அம்மாள் கேட்கவில்லை. புதன் காலை சத்திரத்தில் நான் துறையூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, விரலில் கட்டோடு ரஞ்சனி அவரைக் கைபிடித்து அழைத்துவந்து எனக்கு முன் சீட்டில் உட்கார வைத்தாள். மூடின முந்தானை மூடினபடியே இருந்தது. மேடத்துக்கென்று கொண்டுவந்த மரவள்ளிக்கிழங்குப் பையைப் பொன்னுத்தாய் அவள் கையில் திணித்து, "வேவிச்சுத் தின்னு. விரலு நேராவட்டும், சொல்லியனுப்பு, வரேன்," என்றார். பஸ் நகர்ந்ததும் டாக்டர் சன்னலுக்குக் கீழே நின்று அழுதாள். அடைபட்ட மூச்சோடு அந்த அம்மாள் மறுபடி மலையேற வேண்டுமே என்று எனக்கு இருந்தது.

விரல் நேராக ஆறு வாரம் ஆனது. பொய்யைச் சுமக்க முடிந்தது அதில் பாதிதான். மூன்றாவது வாரம் ரவுண்ட்ஸ் முடிந்ததும் மேடத்தின் அறைக்குப் போய், "பந்து படல மேடம். வலையில முடிச்சுப் போட்டு நானே மாட்டிக்கிட்டேன்," என்று ஒப்புக்கொண்டாள். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாராம். சிரித்து முடித்து, "அப்ப உனக்குத் தடை ஃபுட்பால் இல்ல. வலை. விளையாடிக்கோ, ஆனா வலையத் தொடாத. அந்த அம்மா ரெண்டாவது தடவை திரும்பிப் போகக்கூடாது. அடுத்த தடவை விரல்ல ஒரு கீறல் இருந்தாலும் நான்தான் பண்ணுவேன்," என்றார். ஆவணியில் ஒரு திங்கள் குறிக்கப்பட்டது. ஊர் வழக்கப்படி லீக் இறுதி ஆட்டமும் அதற்கு முந்தைய ஞாயிறே வந்து சேர்ந்தது.

"ஆடாதீங்க டாக்டர்," என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"ஆளு இல்ல சார். நான் வரலேன்னா ஆறு பேருதான். பொன்னுத்தாய் அம்மா ஆஸ்பத்திரியில வந்து படுத்தாச்சு. கேட்டேன். ‘போயிட்டு வா, கைய மட்டும் பத்திரமாக் கொண்டா’ன்னாங்க."

அன்றைக்கு அவள் ஆடிய மாதிரி ஒரு கோல்கீப்பரை நான் பார்த்ததில்லை. பந்து வந்தால் காலால் உதைத்தாள், நெஞ்சால் தடுத்தாள், முழங்காலால் முட்டினாள். வலைப்பக்கம் திரும்பவே இல்லை. பந்து தூரத்தில் இருந்தபோது கைகளை அக்குளுக்குள் அடக்கிக்கொண்டு நின்றாள். தொங்கும் நூல் ஒன்று காற்றில் ஆடி அவள் முதுகைத் தொட்டபோது, ஓரடி முன்னால் தள்ளி நின்றுகொண்டாள். பூனை பால் கிண்ணத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிற பாவனை. ஓ.பி. சீட்டு ஒரு கோல் முன்னால் இருந்தது.

கடைசி நிமிஷம். ரஞ்சனியின் அணி நர்ஸ் ஒருத்தி கோலுக்கு முன்னாலிருக்கும் கட்டத்துக்குள் எதிரணி ஜோதியின் காலைத் தட்டிவிட்டாள். தெளிவான பெனால்டி. விசிலை வாயில் வைத்தபோது எனக்கு அந்த மூடின முந்தானை நினைவுக்கு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி ஊதாமல் விட்டுவிடலாமா என்று தோன்றியது. ஊதினேன்.

ஜோதி கல்லூரி அணிப் பெண். போன வருடம் அவள் உதைத்த பந்தைத் தடுத்த ஒருத்திக்கு மணிக்கட்டு வீங்கிப் போனது. பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தவள் திகைத்துப்போய் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், அவங்க கையப் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கிறாங்க!"

"ரூல்ல கையைப் பத்தி ஒண்ணும் இல்லம்மா. நீ உதை."

ரஞ்சனி கோட்டின்மேல் நின்றாள். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால், ஒன்றை ஒன்று கெட்டியாகப் பிடித்தபடி. மைதானமே சிரித்தது. ஜோதிக்கு இடமா வலமா என்று குழம்பிவிட்டது போலும். கண்ணை மூடிக்கொண்டு நேராக உதைத்துவிட்டாள். ரஞ்சனி விலகவில்லை, குனியவில்லை. பந்து அவள் முகத்தில் பட்டு, கம்பத்துக்கு மேலே எழும்பி, கொள்ளிடம் பக்கம் போய் விழுந்தது. நான் முடிவு விசிலை ஊதிவிட்டு ஓடினேன்.

வலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் வாயைத் தாண்டி இறங்கியிருந்தது.

"டாக்டர், மூக்கு! நாளைக்கு எப்படி..."

"மூக்கு மாஸ்க்குக்குள்ளதான சார் இருக்கும்."

பல்லால் கடித்து உறைகளை உருவிப் போட்டாள். அருகே தொங்கிக்கொண்டிருந்த வலை நூலை எட்டிப் பிடித்தாள். என் முகத்தையே பார்த்தபடி இடது கையால் ஒரு முடிச்சு. அதன்மேல் வலது கையால் ஒன்று. சுண்டு விரலை நூலுக்குள் விட்டு, பலம் கொண்டமட்டும் இழுத்துப் பார்த்தாள். முடிச்சு அசையவில்லை. விரலை வெளியே எடுத்து ஒரு தடவை மடக்கி நீட்டினாள். அதற்குப் பிறகுதான் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.