நாற்பத்தோராவது படம்

செவ்வாய்க்கிழமைதோறும் காலையில், கிடங்கு அக்கா ஒரு கணினியின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு மூச்சடக்கி எண்ணிக்கொண்டிருப்பார். "பதினாறு... பதினேழு... ம், முழிச்சுக்கிட்டான்." ஓர் இயந்திரம் செத்தால் இன்னொன்று வேலையை ஏற்கிறதா என்று வாராவாரம் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். மருத்துவமனையின் ஸ்கேன் படங்களும் அவற்றைச் சேமித்துவைக்கும் இரண்டு இயந்திரங்களும் அவர் பொறுப்பு. அதனால்தான் எல்லோருக்கும் அவர் கிடங்கு அக்கா.

படங்களைச் சேமிக்க, லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் இலவச மென்பொருள்களில் நாலைந்தை வீட்டுப் பழைய கணினிகளில் ஓட்டிப் பார்த்து, கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் பொறுக்கியவர். "இது வேகம்தான், ஆனா ஒரே தலை, ஒரு மெஷின்தான் எல்லாத்தையும் ஆளுது. தலை போச்சுன்னா எல்லாம் போச்சு." "அது கெட்டி. ஆனா ஏழு மெஷின் கேக்கும், யார் குடுப்பா?" கடைசியில் ஒரே படத்தை இரண்டு இயந்திரங்களிலும் எழுதிவைக்கும் ஒன்றைப் பிடித்தார். இரண்டுக்கும் சண்டை வந்தால் தீர்த்துவைக்க மூன்றாவது இயந்திரம் வேண்டாமா என்று மேலாளர் கேட்டபோது, "எதுக்கு சார், வேடிக்கை பாக்கவா?" என்று சிரித்தவரும் இவரே.

போன வியாழக்கிழமை இரண்டுக்கும் நடுவிலிருந்த இணைப்புப் பெட்டி பழுதானது. இயந்திரங்கள் இரண்டும் உயிரோடுதான் இருந்தன. ஆனால் ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்கவில்லை. மற்றவன் செத்துவிட்டான் என்று இரண்டுமே முடிவுகட்டி, இரண்டு மணி நேரம் தனித்தனியாகப் படம் வாங்கி எழுதின. சாவைச் சோதித்தவர் பிரிவைச் சோதிக்கவே இல்லை.

நாற்பத்தொரு படங்கள் இரண்டு இயந்திரங்களிலும் வெவ்வேறாக இருந்தன. எந்தப் பக்கத்தை நம்பட்டும் என்று மென்பொருள் கேட்டது. "புதுசா இருக்கிறதை வச்சுக்கிட்டு மத்ததை அழிச்சிடலாமே" என்றார் மேலாளர். "பிந்தி வந்தவன் பேச்செல்லாம் நெசமா சார்?" அக்கா ஸ்கேன் எடுப்பவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து ஒப்பிட்டார். நாற்பது தேறின. ஒரு பெரியவரின் தலைப்படம் இரண்டு பக்கமும் அரைகுறை. நடுப்பகுதி எங்குமே இல்லை. அன்று மாலை அறுவை சிகிச்சை செய்வதா வேண்டாமா என்று அந்த நடுப்பகுதியைப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுக்க வேண்டும்.

"ஸ்கேன் மெஷின் கோளாறுன்னு சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் மேலாளர். அக்கா நேரே அந்தப் பெரியவரின் வார்டுக்கு நடந்தார்.

"ஐயா, உங்க படம் என் பொறுப்புல இருந்துச்சு. நான்தான் தொலைச்சிட்டேன். இன்னொரு தடவை எடுக்கணும்."

பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அந்தக் குழாய்க்குள்ள மறுபடியுமா? என்னால ஆகாதும்மா. மூச்சு முட்டிச் செத்துடுவேன்." திரும்பிப் பார்த்துக் கேட்டார். "நீ டாக்டரா?"

"இல்லைங்கய்யா. படத்தைப் பத்திரமா வைக்கிற ஆளு."

"தொலைச்ச ஆளே வந்து சொல்றே. அப்ப நீயும் கூட வந்து நில்லு" என்றார் பெரியவர். பிறகு போர்வையை விலக்கினார்.

உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாத காந்த ஸ்கேன் அறை வாசலில் அக்கா கைக்கடிகாரத்தைக் கழற்றினார். சாவிக்கொத்து, வளையல், தோடு, இயந்திரங்களின் எச்சரிக்கை வரும் செல்போன், எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தார். உள்ளே போய், குழாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெரியவரின் பாதங்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஸ்கேனின் சத்தம் அடங்கும்வரை நின்றார்.