சேற்றுக்கையோடு வந்தவர்கள்

ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த மறு வருஷம், ஆனி மாதம். ரங்கூனிலிருந்து கால்நடையாகத் திரும்பிய என் அண்ணன் முந்தின வருஷமே வழியில் காய்ச்சலில் போய்விட்டிருந்தான். கூட நடந்தவர்கள்தான் வந்து சொன்னார்கள். உடலும் இல்லை, கல்லறையும் இல்லை. வருஷ நினைவுக்கு அன்று சாயங்காலம் கம்பத்தில் அம்மா வீட்டில் ஜெபம். பொழுது சாய்வதற்குள் நான் அங்கே இருந்தாக வேண்டும்.

கூட வந்தவர் என் கணவர். அதுதான் வினை. பள்ளிக்கூட வாத்தியார், லீவு கிடைத்தால் ஊர் ஊராகப் பழைய மாதா கோயில்களைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். தூணைக் குடையால் அளப்பார், சுவரைத் தட்டிப் பார்ப்பார். பெண்டாட்டி வெயிலில் நிற்பது மட்டும் கண்ணில் படாது. மதுரையில் ஏறியதிலிருந்தே ஜன்னல் வழியாகச் சிலுவை தேடிக்கொண்டு வந்தார்.

ரயில் தண்டவாளத்தைச் சர்க்கார் சண்டைக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டதால், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்தான் கதி. பாதி வழி தாண்டி ஒரு கிராமத்தில் அது இருமி இருமி நின்றது. சாம்பலைத் தட்டிவிட்டுக் கரி போட வேண்டுமாம். வயலோரம் ஒரு பழைய மாதா கோயில். அஞ்சே நிமிஷம் என்று இறங்கினார். அவருடைய அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா? பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

வாசலில் மேடை கட்டித் தொங்கவிட்டிருந்த மணியின் விளிம்பில் என்னமோ எழுத்து தெரிகிறதாம். மேடையில் ஏறி எட்டிப் பார்த்தவர், கால் வழுக்கிக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். மணி ஒரு தரம் அடித்தது. சற்றுப் பொறுத்து இன்னொரு தரம். அவரை நான் இறக்கி விடுவதற்குள் மூன்றாவதும் அடித்துவிட்டது.

விட்டு விட்டு அடித்தால் அந்த ஊரில் சாவு மணி. நடவு நட்டுக்கொண்டிருந்த ஆணும் பெண்ணும் நாற்றைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். "யாரு போயிட்டாக?" என்று ஆளாளுக்குக் கேட்க, இவர் கயிற்றைப் பிடித்தபடி பேந்தப் பேந்த விழிக்கிறார். அந்தப் பக்கம் பஸ் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிப் போனது.

எனக்கு வந்த ஆத்திரம்! வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏச்சுக்கு நடுவே அண்ணன் போன கதையும் வந்துவிட்டது.

முழங்கை வரை சேறான ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், பக்கத்தில் வந்தாள்.

"ஒங்க அண்ணனுக்கு அங்கன யாரும் மணி அடிச்சாகளா?"

காட்டில் செத்தவனுக்கு யார் அடிப்பார்கள்? இல்லையென்று தலையாட்டினேன்.

"அப்ப இது அவுகளுக்குன்னே இருக்கட்டும் ஆத்தா."

யாரும் வயலுக்குத் திரும்பவில்லை. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் கதவைத் திறந்து அண்ணன் பெயரைக் கேட்டார். சேற்றுக்கையோடு நின்ற அத்தனை பேரும் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். இந்தத் தரம் முறையாக அடிக்கச் சொல்லி என் கணவர் கையிலேயே கயிற்றைக் கொடுத்தார்கள். அழுதுகொண்டே அடித்தார்.

மாட்டு வண்டி பிடித்து மறுநாள் கம்பம் போய்ச் சேர்ந்தோம். அம்மா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மணி நல்லாக் கேட்டுச்சாடி?"

வயக்காடு முழுக்கக் கேட்டது என்றேன். அதற்குப் பிறகுதான் அம்மா வாய்விட்டு அழுதாள்.

இவர் இன்னமும் கோயில் கோயிலாகத்தான் அலைகிறார், நானும் திட்டிக்கொண்டேதான் கூடப் போகிறேன். ஆனால் அண்ணனை எங்கே அடக்கம் செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், எனக்கு அந்த வயலோரக் கோயில்தான் நினைவுக்கு வருகிறது.