சொந்த வீட்டு வாசலில் விருந்தாளியாக

போன வருடம் நவம்பர் மாதம். மலேசியாவில் ஈப்போவை அடுத்த லகாட்டில், என் சொந்த வீட்டு கேட்டுக்கு வெளியே வெற்றிலை பாக்குத் தட்டும் மகளின் கல்யாணப் பத்திரிகையுமாக நின்று மணியடித்தேன். அந்த கேட்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்று ஒரு மாதம் யோசித்தவள் நான். அந்த மணியும் கடை கடையாக ஏறி இறங்கி நான் வாங்கியதுதான். யாராவது வந்து திறப்பார்களா என்று காத்து நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கணவருக்குச் சிரிப்பு வரவில்லை, வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

ஆறு வருடங்களுக்கு முன்பு அவருக்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் வேலை கிடைத்தது. வீட்டை விற்றுவிட்டுப் போகச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். எங்களுக்கு மனசு வரவில்லை. கமுந்திங்கிலிருந்து ஈப்போவுக்கு வேலை மாற்றலாகி வந்த ஒரு கிறிஸ்துவத் தம்பதிக்கு வாடகைக்கு விட்டோம். அந்தப் பெண் வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். என்னைவிட இளையவள், முதல் நாளே உரிமையோடு 'அக்கா' என்று கூப்பிட்டாள்.

நான்தான் வீட்டை விட்டு வந்தேனே தவிர, என் மனசு வரவில்லை. ஈப்போவில் மழை என்று கேள்விப்பட்டால் உடனே அவளுக்கு ஃபோன் போட்டு, சமையலறைப் பக்கம் ஒழுகுகிறதா என்று விசாரிப்பேன். கைப்பேசி வரைபடத்தில் எங்கள் தெருப் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்ப்பேன். படம் எப்போது எடுத்ததோ, எங்கள் பழைய கார்தான் இன்னும் வாசலில் நிற்கும். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு திருப்தி. "அந்தக் காருக்கும் சேத்து வாடகை வாங்கியிருக்கலாம்" என்று கணவர் கேலி செய்வார்.

இப்படி இருக்கும்போதுதான் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீடு பாகான் டத்தோ. ஈப்போவில் கோயில் மண்டபம், தங்குவதற்கு ஹோட்டல் என்று நான் எல்லாவற்றையும் பெர்த்திலிருந்தே ஏற்பாடு செய்துவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும்கூட. ஒரு நாள் சம்பந்தியம்மா வீடியோவில் வந்து, "பொண்ணழைக்க நாங்க எந்த வீட்டுக்கு வரணும்?" என்று கேட்டார். ஹோட்டல் பெயரைச் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பக்கத்தில் இருந்த கணவர் அன்று இரவு சாப்பிடும்போது வாய் திறந்தார். "எங்க அக்காங்க எல்லாரும் தோட்டத்து லயத்துலேர்ந்துதான் கல்யாணமாகிப் போனாங்க. எங்க அத்தைங்களும் அப்படித்தான். எல்லாம் கம்பெனி வீடு. பந்தக்கால் நடுறதுக்கே தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்ட கேக்கணும். நம்ம பொண்ணாச்சும் சொந்த வீட்டுலேர்ந்து போவட்டும்." மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாளாம், நான் திட்டுவேன் என்று பயந்து சொல்லவில்லையாம்.

சொந்த வீடுதான். ஆனால் அதில் இன்னொரு குடும்பம் இருக்கிறதே! அதுவும் டிசம்பர் தொடக்கத்தில் கல்யாணம். கிறிஸ்துமஸுக்கு கேக் செய்கிறவளுக்கு வருடத்திலேயே மூச்சு விட நேரமில்லாத சமயம் அது. அவள் முடியாது என்று சொன்னால் தப்பே இல்லை. இதை ஃபோனில் கேட்பது முறையில்லை, பத்திரிகை வைக்கப் போகும்போது நேரில் கேட்போம் என்று முடிவு செய்தோம். அதனால்தான் அந்த மணியடிப்பும் வியர்வையும்.

அவள் மாவு படிந்த ஏப்ரனோடு வந்து கேட்டைத் திறந்தாள். என் வீட்டு ஹாலில் என்னையே உட்காரச் சொல்லி, எனக்கே மைலோ கலக்கிக் கொடுத்தாள். பத்திரிகையை வைத்தோம். பெர்த்திலிருந்து விமானத்தில் வரும்போது மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் மறந்துபோய், "வாசல் மட்டும் குடுத்தா போதும்மா. பந்தக்கால் நட்டு, ரெண்டு நாள் மட்டும்..." என்று இழுத்தேன்.

"வாசல் மட்டும் எதுக்குக்கா? பொண்ண ரோட்டுல நிக்க வச்சா நலங்கு வைப்பீங்க?" என்றாள் அவள்.

"இல்லம்மா, உனக்கு கேக் வேலை இருக்கு..."

"அது நான் பாத்துக்குவேன் லா. ஒரு பக்கம் கேக் வேவட்டும், ஒரு பக்கம் கல்யாணம் நடக்கட்டும்."

அடுத்த சிக்கல் பந்தக்கால் ரூபத்தில் வந்தது. வடகிழக்கு மூலையில்தான் நட வேண்டும். எங்களுடையது வரிசையாகக் கட்டிய தாமான் வீடு, வாசல் முழுக்க சிமெண்ட். மண் இருப்பது அந்த ஒரு மூலையில் மட்டும்தான். அந்த மண்ணில் அவள் தன் கேக்குக்கு மணமும் நிறமும் சேர்க்க வளர்த்த பாண்டான் செடி இடுப்புயரத்துக்குப் புதராக நின்றது. பெயிண்ட் வாளியில் மணலைக் கொட்டிப் பந்தக்காலை நட்டுவிடலாம் என்றேன். அவளுடைய கணவர் அதைக் காதில் வாங்காமல் மண்வெட்டியோடு வந்து பாதிப் புதரைத் தோண்டி எடுத்தார். "வேரு இருக்குல்லக்கா, மறுபடியும் வந்துரும்" என்று சொல்லிவிட்டு, வெட்டிய பாண்டான் இலையெல்லாவற்றையும் அவள் சமையலறைக்கு அள்ளிக்கொண்டு போனாள். நலங்குக்கு வந்தவர்களுக்கெல்லாம் பச்சைப் பசேலென்று பாண்டான் கேக் கிடைத்தது அப்படித்தான்.

கல்யாணத்தன்று காலை எங்கள் வாசலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கேட்டின் இரண்டு பக்கமும் வாழை மரம், மாவிலைத் தோரணம். அதற்கு மேலே அவர்கள் கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரம். அதைக் கழற்றப் போன அவளுடைய கணவரை என் கணவரே தடுத்துவிட்டார். உள்ளே ஒரு பக்கம் சாம்பிராணி, ஒரு பக்கம் பழக்கேக் வாசனை. நானோ என் சமையலறையிலேயே கரண்டி எங்கே, தட்டு எங்கே என்று ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பட்டுச் சேலை கட்டி, எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்து, சத்தம் போட்டு வேலை வாங்கிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

பொண்ணழைக்க வந்த மாப்பிள்ளையின் பெரியம்மா நேராக அவளிடம் போனார். அவர் எங்களை அதற்கு முன் பார்த்ததில்லை. சீர்த்தட்டை அவள் கையில் கொடுத்து, "சம்பந்தி, பிள்ளைய நல்லா வளத்திருக்கீங்க" என்றார்.

அவள் தட்டைப் பிடித்தபடியே குலுங்கிச் சிரித்தாள். "ஐயோ பெரியம்மா, நான் இந்த வீட்டுல வாடகைக்கு இருக்குறவ லா!"

"அப்ப பொண்ணோட அம்மா?"

"அதோ, கரண்டி தேடுறாங்க பாருங்க!"

வந்திருந்த கூட்டமே சிரித்தது. சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்ததை வீடியோக்காரர் படம் பிடித்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பெரியம்மாவுக்கு நான் கரண்டிச் சம்பந்திதான்.

கிளம்பும் நேரம் வந்தது. வீட்டுச் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தானே பெண் படியிறங்க வேண்டும்? எனக்கு அப்போதுதான் பகீரென்றது. ஹால் மூலையில் எங்கள் சாமி மேடை இருந்தது. பெர்த்துக்குப் போகும்போது படங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டோம். இப்போது அங்கே ஒரு திரை தொங்கியது. உள்ளே கேக் டின்னும் மாவு மூட்டையும்தான் அடுக்கியிருப்பாள், அது நியாயமும்கூட என்று நினைத்துக்கொண்டேன். மகளை வாசலிலேயே நிறுத்திச் சூரியனைக் கும்பிட வைக்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவளே வந்து என் மகளின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் திரையை விலக்கினாள்.

மேடை காலியாக இருந்தது. தூசி தும்பு இல்லை. சுவரோரம் ப்ளக்கில் செருகிய ஒரு சின்ன விளக்கு, சுண்டு விரலளவு இருக்கும், மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

நான் அவளைப் பார்த்தேன். "நீங்கதானக்கா சாவி குடுக்குறப்ப சொன்னீங்க, அந்த எடத்த மட்டும் இருட்டா விட்றாதம்மான்னு" என்றாள். "எங்க சாமி ரூம்ல இருக்காரு. இது உங்க எடம். பல்பு ரெண்டு மூணு வாட்டி போச்சு, மாத்திட்டேன்."

நான் அப்படிச் சொன்னேனா? சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. பெட்டியும் படுக்கையுமாக விமானத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் சொல்லியிருப்பேன். என் கணவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகையை அடக்கப் பார்த்து முடியாமல் அப்படியே அழுதுவிட்டார். மகள் கொண்டுவந்திருந்த குத்துவிளக்கை அந்த மேடையில் வைத்து ஏற்றினாள். கும்பிட்டாள். எங்கள் காலில் விழுந்தாள், பிறகு நாங்கள் சொல்லாமலே அவர்கள் இருவர் காலிலும் விழுந்தாள். சொந்த வீட்டுப் படியிறங்கி, பந்தக்காலைத் தாண்டி, காகித நட்சத்திரத்துக்குக் கீழே நடந்து காரில் ஏறினாள்.

திரும்பவும் பெர்த்துக்கு வந்துவிட்டோம். பாண்டான் மறுபடியும் தழைத்துவிட்டதாக அவள் படம் அனுப்பியிருந்தாள். கைப்பேசி வரைபடத்தில் எங்கள் தெருவைத் தேடுவதை நான் விட்டுவிட்டேன். இங்கே சில தோழிகள், அவ்வளவு தூரத்தில் வீட்டை யாரிடமோ விட்டுவிட்டு எப்படி நிம்மதியாக இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். நான் தினமும் சாயங்காலம் இங்கே விளக்கேற்றும்போது, லகாட்டில் எங்கள் வீட்டிலும் ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.