மதர்போர்டு மாறிய சனிக்கிழமை

அந்தக் கடைக்காரன்மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. அவனைவிட என் வீட்டுக்காரர்மேல் அதிகம்.

குழந்தை பிறக்கும்வரை ஒரகடத்தில் ஒரு டிசைன் ஆபீசில் இருந்தேன். தொழிற்சாலைகளுக்கு வேண்டிய இரும்புச் சட்டங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கும் வேலை. குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு வேறொரு ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். வீட்டிலிருந்தே வரையலாம். மாதக் கடைசிச் சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் ஒரு மாதிரிப் படம் வரைந்து அனுப்ப வேண்டும், பிடித்திருந்தால் வேலை எனக்கு. அந்த சாப்ட்வேரைத் தாங்கும் லேப்டாப் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பாகங்களை வாங்கி நானே ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

குழந்தை தூங்கும் மதியங்களில் போனும் கையுமாக உட்கார்ந்தேன். இந்த பிராசஸர் எந்த மதர்போர்டில் உட்காரும், அந்த போர்டு எந்த மெமரியை ஏற்கும், கிராபிக்ஸ் கார்டின் நீளத்துக்கு கேபினெட்டில் இடம் இருக்கிறதா, பவர் சப்ளை தாங்குமா? என் கல்யாணத்துக்குக்கூட யாரும் இவ்வளவு பொருத்தம் பார்த்திருக்க மாட்டார்கள். எல்லாம் ஆன்லைனில் வந்து சேர்ந்தன, மதர்போர்டைத் தவிர. அது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடையில் இருப்பது தெரிந்ததும் மாடல் பெயரை வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பி, வாங்கிவரச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை நைட் ஷிப்டுக்குப் போகிற வழியில் வாங்கியிருக்கிறார். படம் அனுப்ப வேண்டிய சனிக்கிழமை காலையில்தான் பெட்டி என் கைக்கு வந்தது. பிரித்தால் உள்ளே வேறு போர்டு. என் பிராசஸரின் அடியில் இருக்கும் ஊசிகள் இறங்க அதில் ஓட்டையே இல்லை.

"இன்னா இப்போ? லேசா அமுக்கினா ஒக்காந்துடும்" என்று விரலை வைக்கப் போனார். அவர் கார் கம்பெனியில் சீட் மாட்டும் லைனில் இருப்பவர். எந்தக் கார் வருகிறதோ அதற்கான சீட் வரிசை மாறாமல் பக்கத்தில் வந்து நிற்கும். கையில் வந்தது பொருந்துமா என்று அவர் ஒருநாளும் கேட்க வேண்டியிருந்ததில்லை. ஊசி வளைவதற்குள் பிராசஸரைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போனோம். கடைக்காரன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் கேட்டதற்கெல்லாம் அவரைப் பார்த்தே பதில் சொன்னான்.

"சார், நீங்கதானே வூட்ல வொய்ஃபுக்குன்னு சொன்னீங்க? வூட்டு யூஸுக்கு அவ்ளோ பெரிய போர்டு எதுக்கு சார்? சீரியல் பாக்க, யூடியூப் பாக்க இதுவே ஜாஸ்தி. அதான் மாத்திக் குடுத்தேன்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "இன்னாண்ணா, மாடல் பேர் அனுப்புனது நானு. யாரைக் கேட்டு மாத்துனீங்க?" என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் கையைப் பிடித்து, "மெதுவா பேசு, எல்லாரும் பாக்கறாங்க" என்றார். பார்க்கட்டுமே! நான் கேட்ட போர்டு குடோனில் இருந்ததாம். ஆள் போய் எடுத்துவருவதற்குள் மத்தியானம் போய்விட்டது. இனி வீட்டுக்குப் போய், எல்லாவற்றையும் மாட்டி, சாப்ட்வேர் ஏற்றி வரைய நேரமில்லை.

கடை வாசலில் நின்று ஆபீசுக்குப் போன் செய்தேன். ஒரே ஒரு நாள் கொடுங்கள் என்று கெஞ்சினேன். வேறு ஆள் அனுப்பிய படம் பிடித்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

பஸ் ஸ்டாப்பில் அவர், "சரி வுடு. அதான் மாத்திக் குடுத்துட்டான்ல" என்றார்.

"வொய்ஃபுக்குன்னு சொன்னீங்களே, அவ வேலைக்குன்னு ஏன் சொல்லல?"

யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அன்றைக்கு அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அது வேலைன்னு எனக்குத் தோணவே இல்லம்மா."

பஸ் வந்தது. அவர் முன்னால் ஏறி, இரண்டு பேர் சீட்டில் இடம் பிடித்து என்னைக் கூப்பிட்டார். நான் வீடுவரை நின்றுகொண்டே வந்தேன்.