ராதாபுரத்து வீட்டு கேமராவுல என்ன கோளாறு?

இன்னைக்கு ராதாபுரத்துல, நானே கேமரா மாட்டிக் குடுத்த ஒரு வீட்டுக்கு சர்வீஸ். காலையிலேயே வெயில் மண்டையைப் பொளக்குது.

வீட்டுல அண்ணாச்சி மட்டுந்தான். வெளியூர்ல இருக்க ரெண்டு மகனும் மகளும் கேமரா வழியா போன்லயே அவரைப் பாத்துக்கிடுதாவ.

"எல்லாம் நல்லாத்தான ஓடுது அண்ணாச்சி, என்ன கோளாறு?"

"கோளாறு ஒண்ணும் இல்லடே. பிள்ளைங்க யாருக்கும் படம் தெரியாம ஆக்கிட்டுப் போ."

எனக்கு ஒண்ணும் புரியல. ஏன்னு கேட்டேன்.

"கேமரா வச்ச பொறவு ஒண்ணுகூட போன்ல பேசல. கேட்டா, அதான் தெனம் பாக்குதோம்லான்னு சொல்லுதுவ. படம் தெரியலன்னா போன் அடிக்கும்லா."

வீடும் அவரோடது, மெஷினும் அவரோடது. ரெக்கார்டர்ல மூணு பேர் லாகினையும் நிறுத்திட்டேன். அண்ணாச்சி போனை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தாரு.

நான் ஸ்க்ரூடிரைவரைப் பையில போடுததுக்குள்ள போன் அடிச்சுது.

என் போன்.

மூத்தவரு. பொறவு மகள். பொறவு சின்னவரு. மூணு பேரும் பேசி வச்ச மாதிரி ஒரே பேச்சு: "அப்பா வீட்டு கேமரா தெரியல. என்னன்னு கொஞ்சம் பாருங்க."

அண்ணாச்சி என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தாரு. கம்பெனி கால்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

யாராவது சொல்லுங்க, இதுல நான் எந்தக் கோளாறைச் சரி பண்ண?