உள்ளே கைப்பிடி இல்லாத வண்டி

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருடங்கள் போய்விட்டன. பேனையை எடுத்து மேசைக்கு முன்னால் இருப்பேன். பிறகு அடுப்பில் ஏதோ கொதிக்கிறது போல எழும்பிப் போய்விடுவேன். எனக்குப் படிப்புக் குறைவு, பிழை விடுவேன் என்ற கூச்சம் ஒரு பக்கம். இந்த வயதிலும் பயந்து செத்தவன் என்று நாலு பேர் சொல்லுவார்களே என்ற வெட்கம் மறுபக்கம். இன்று காலை சுவாமி விளக்கைக் கொளுத்தி, திருநீறு பூசிக்கொண்டு இருந்தபோது, இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று மனதில் பட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் இந்தப் பனி நாட்டு நகரத்தில், டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஒரு பெரிய அடுக்குமாடியில் இருக்கிறோம். வீடு ஒன்பதாம் மாடியில். நான் லிஃப்டில் ஏறுவதில்லை. படியால்தான் ஏறுவேன், இறங்குவேன். முந்தி மனைவி கேட்டால் நீரிழிவு, அதுதான் சீனி வருத்தம், வராமல் இருக்க நடப்பது நல்லது என்பேன்.

"அப்ப அரிசி மூட்டையும் சீனி வராமல் இருக்கவோ உங்களோடை படியேறுது?" என்பா அவ.

மூடிய இடம் எனக்கு ஆகாது. இந்த நாட்டுக்கு நான் விமானத்தில் மட்டும் வந்து சேரவில்லை. இடையில் ஐரோப்பாவில் ஒரு லொறிக்குள், அடுக்கிய பெட்டிகளுக்குப் பின்னால், வேறு ஆட்களோடு ஒடுங்கி இருந்து எல்லை கடந்தவன். கதவை வெளியில் பூட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்குப் பிடித்த பயம். நான் எழுதப்போகிற அந்த நாள்வரை இதை ஒருவருக்கும் சொன்னதில்லை, மனைவிக்கும்தான்.

அப்போது நான் ஒரு சின்னக் கொம்பனியில் வேலை. கைத்தொலைபேசிக் கோபுரங்களுக்குப் பக்கத்தில் கொட்டில் மாதிரி ஒரு சின்ன அறை இருக்கும். அதற்குள் இருக்கிற பற்றரிகளை மாற்றுவது, ஹீற்றரைத் திருத்துவது, பனியை ஒதுக்குவது எங்கள் வேலை. கோபுரங்கள் நகரத்துக்கு வடக்கே, தூரத்துக் காடுகளுக்குள் இருக்கும். மாரியில், பனி கொட்டுகிற காலத்தில், அந்தப் பாதைகளை ஒருவரும் துப்புரவாக்குவதில்லை. வான் வண்டியை வீதியில் விட்டுவிட்டு, பனிக்கு மேல் ஓடுகிற ஸ்னோமொபைலில்தான் உள்ளே போவோம். நாங்கள் மூன்று பேர். முதலாளி, என்னைவிட இளைய யாழ்ப்பாணத்துப் பெடியன், நான் "தம்பி" என்று கூப்பிடுவேன், அவர் என்னை "அண்ணை" என்பார். மற்றவர் எங்கள் ஊர்ப் பக்கத்து முஸ்லிம் மனிதர். முஸ்லிம் சனம் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, எல்லோருக்கும் அவர் நானா. நெற்றியில் எப்போதும் திருநீறு இருப்பதால் நானா என்னைச் "சாமி" என்றுதான் கூப்பிடுவார். அவர் மத்தியானம் லுகர் தொழுகிற நேரம் நான் வானுக்குள் இருந்து பாயை எடுத்துக் கொடுப்பேன். வெள்ளிக்கிழமைகளில் என் மரக்கறிச் சாப்பாட்டில் பாதி அவருக்குப் போகும்.

இது நடந்த மாரிக்கு முந்திய மாரியில் ஸ்னோமொபைலில் போய்வந்த நானாவின் கால்விரல்கள் குளிரில் விறைத்துக் கறுத்துவிட்டன. இன்னொரு முறை இப்படி விறைத்தால் விரல்களை எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதனால் முதலாளி வேறு வண்டி பார்க்கத் தொடங்கினார். சில்லுக்குப் பதிலாக றப்பர் பட்டி சுற்றி ஓடுகிற சின்ன வண்டி. இரண்டைப் படம் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினார்.

"அண்ணை, உங்களுக்குத்தான் காட்டுப் பாதை பழக்கம். நீங்கள் சொல்லுறதை எடுப்பன். எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

ஒன்று திறந்த வண்டி. முன்னுக்கு இருக்கை, பின்னுக்குச் சாமான் தட்டு. மேலே ஒரு கூரை, பக்கமெல்லாம் காற்று. பாரம் குறைவு, மெத்தென்ற பனியிலும் புதையாது. மற்றது மூடின வண்டி. முன்னுக்கு இரண்டு பேர் இருக்கலாம், ஹீற்றர் நெருப்பாய்ச் சுடும். பின்னுக்கு ஒரு தகரப் பெட்டி. மூன்றாவது ஆளும் சாமானும் அதற்குள்.

எவரைக் கேட்டாலும் மூடினதைத்தான் சொல்லுவார்கள். நானாவின் விரல்களுக்கு அதுதான் வேண்டும். ஆனால் நானாதான் ஓட்டுபவர், முதலாளி பக்கத்தில் இருந்து வழி பார்ப்பவர். பின்பெட்டி எனக்கு. திறந்ததைச் சொன்னால் நானாவுக்கு விரல் போகும், அல்லது வேலை போகும். மூடினதைச் சொன்னால் ஒவ்வொரு நாளும் என்னைப் பெட்டிக்குள் போட்டு அடைப்பார்கள். எனக்கு ஏலாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் பிள்ளையாருக்கு முன்னால் நின்று, "அப்பனே, நாங்கள் பார்க்கப் போக முன்னம் அந்த மூடின வண்டியை வேறு ஆருக்காவது வித்துப்போடு" என்று கேட்டேன். இப்படி ஒரு நேர்த்தியை அவர் முன்பின் கேட்டிருக்க மாட்டார்.

விற்றுப்போகவில்லை. சனிக்கிழமை நாங்கள் போனபோது இரண்டு வண்டிகளும் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் பண்ணை முற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நானா மூடினதைச் சுற்றி வந்தார்.

"உதென்ன முதலாளி, ஆமி டாங்கி போட்ட குட்டி மாதிரி நிக்குது?"

"ஏறிப் பாருங்கோ நானா. கடிக்காது."

நானா ஏறினார். கிழவர் எஞ்சினைப் போட்டுக் கொடுத்தார். ஹீற்றர் வாய்க்குப் பக்கத்தில் இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டு நானா கண்ணை மூடினார். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

"என்ன அண்ணை, எது?" என்றார் முதலாளி.

"திறந்தது பாரம் குறைவு தம்பி. புதையாது. உது பாரம், சேற்று நிலத்திலை தாண்டுபோம்" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் நான் அதைச் சொன்னது அதற்காக இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நானா இறங்கி வந்தார். "சாமி சொன்னால் சரிதான்" என்றார். முகம் கோணவில்லை. அவர் சண்டை பிடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

முதலாளி விடவில்லை. "வந்தது வந்தம், மூடினதையும் ஒரு சுத்து ஓடிப் பாப்பம். அண்ணை, நீங்கள் பின்னுக்கு ஏறுங்கோ. குளிர் உள்ளுக்கு வருதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

மறுக்க ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. ஏறினேன். கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை, அதன் மேல் கறுப்பு ஒட்டுநாடா. அதை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிழவர் வெளியில் கதவை அறைந்து சாத்தினார். உள்ளங்கை அளவில் ஒரு கண்ணாடி, அதுவும் பனி படர்ந்து வெள்ளை. கால் நீட்ட இடமில்லை. பஞ்சாட்சரத்தைச் சொல்லத் தொடங்கினேன். எஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பண்ணைக்குப் பின்னால் வெட்டவெளியில் வண்டி கொஞ்சத் தூரம் ஓடியது. திடீரென்று பின்பக்கம் கீழே போனது. பனி மூடிக் கிடந்த ஒரு வாய்க்கால். சாமான் பெட்டி ஒன்று என் முழங்காலில் வந்து மோதியது. எஞ்சின் நின்றது. வண்டி பின்னால் சாய்ந்து, என் கதவு சேற்றுக்குள்ளும் பனிக்குள்ளும் புதைந்துவிட்டது. முன்னுக்கு இருந்தவர்கள் பக்கக் கதவால் இறங்கிவிட்டார்கள். டிராக்டரைக் கொண்டுவரச் சொல்லிக் கிழவரைப் பார்த்துக் கத்துவது கேட்டது.

"சாமி! சாமி, கேக்குதோ?"

"அண்ணை! ஏதாவது சொல்லுங்கோ அண்ணை!"

எல்லாம் கேட்டது. எனக்கு மயக்கம் இல்லை. தலையில் அடி இல்லை. தகரச் சுவரில் தட்டக் கையை உயர்த்தினேன். கை பாதி வழியில் நின்றது.

லொறியில் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான் சொல்லியிருந்தார்கள். தட்டக் கூடாது. லொறி நின்றாலும், வெளியில் ஆட்கள் பேசினாலும், மூச்சு முட்டினாலும், யார் வந்து கூப்பிட்டாலும் தட்டக் கூடாது. ஒருவன் தட்டினால் எல்லோரும் பிடிபடுவோம். எல்லையில் லொறி நின்றபோது வெளியில் நாய் குரைத்தது. என் பக்கத்தில் இருந்தவருக்கு இருமல் வந்தது. அவர் தன் சட்டையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டார். அவருடைய உடம்பு குலுங்கியது என் தோளில் தெரிந்தது. சத்தம் வரவில்லை. அப்படி இருந்ததால்தான் இன்று பிள்ளை குட்டியோடு இருக்கிறேன். அந்தச் சட்டம் என் கைக்குள் ஏறிவிட்டது. வெளியில் நிற்பது நானா என்று மனதுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

"தலை அடிபட்டிருக்கும் போலை" என்றது முதலாளியின் குரல்.

"அந்த வாயைக் கொஞ்சம் மூடும் முதலாளி. சவளைத் தாரும் இஞ்சை."

பனி வெட்டுகிற சவள் தகரத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு சளசளவென்று தண்ணீர்ச் சத்தம். வாய்க்காலில் பனிக்கட்டி உடைந்துவிட்டது போல.

"நானா, தண்ணிக்குள்ளை இறங்காதேங்கோ! சப்பாத்துக்குள்ளை தண்ணி போயிட்டுது. கால் போகும் நானா! டிராக்டர் வரட்டும்!"

"போனாப் போகட்டும். உள்ளுக்கு மனிசன் மூச்சுக் காட்டுறாரில்லை. அவரின்ரை மனிசிக்கு நீர் போய்ச் சொல்லுவீரோ?"

"ஏறுங்கோ நானா!"

"யா அல்லாஹ், அவரைத் தந்திடு. அவரைத் தந்திடு." சொல்லிச் சொல்லிப் பனியை வெட்டினார்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முருகா, அந்தக் கொஞ்ச நேரத்தைப் போல ஒரு நேரம் எனக்கு வந்ததில்லை. நான் வாய் திறக்காத ஒவ்வொரு நொடியும் அவருடைய காலில் ஏறிக்கொண்டிருந்தது. கை வரவில்லை. கடைசியில் காலால் உதைத்தேன். முதல் உதை சத்தமே வரவில்லை. பிறகு இரண்டு கால்களாலும் உதைத்தேன். உதைக்க உதைக்கத் தொண்டை திறந்தது.

"நான் இருக்கிறன்! ஒண்டுமில்லை எனக்கு! நானா, தண்ணியை விட்டு ஏறுங்கோ!"

வெளியில் சவள் நின்றது. பிறகு நானா வெடித்தார்.

"அறுந்துபோவானே! சீவன் இருந்தால் முதலே சொல்லுறதுக்கு என்ன கொள்ளை!"

பிறகு அவர் அழுதாரோ சிரித்தாரோ, தகரத்துக்கு இந்தப் பக்கம் எனக்கு விளங்கவில்லை. டிராக்டர் வந்து இழுக்கும்வரை நான் விடாமல் சுவரில் தட்டிக்கொண்டே இருந்தேன். அவர்கள் நிறுத்தச் சொல்லியும் நிறுத்த முடியவில்லை.

கிழவரின் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், நானாவின் கால்களை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தோம். விரல்கள் மெழுகு மாதிரி வெளிறிக் கிடந்தன. நான் நிலத்தில் குந்தி, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தத் தெய்வத்தைக் கூப்பிட்டேன் என்று சொல்லத் தெரியாது, எல்லோரையும் கூப்பிட்டேன். நெடுநேரம் கழித்து நானா பல்லைக் கடித்தார்.

"எரியுது சாமி."

"எரிஞ்சால் நல்லது" என்றார் முதலாளி. மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது. சுண்டுவிரலில் மட்டும் நாளடைவில் நகம் விழுந்தது. விரல் ஒன்றும் போகவில்லை.

"ஏன் அண்ணை கத்தேல்லை?" என்று அப்போதுதான் முதலாளி கேட்டார்.

சொன்னேன். லொறி, இருமியவர், சட்டம், திறந்த வண்டியை ஏன் சொன்னேன் என்பது, எல்லாவற்றையும் அந்தக் குசினியில் இருந்து முதல் முறையாகச் சொன்னேன். நானா கால்களைத் தண்ணீரில் ஆட்டினார்.

"அப்ப திறந்ததையே எடுப்பம். நான் ரெண்டு சோடி சொக்ஸ் போடுறன்."

"இல்லை. மூடினதுதான். ஆனா உள்ளுக்குக் கைப்பிடி போட வேணும் தம்பி."

"கைப்பிடியும் போடுறன், பெரிய கண்ணாடியும் போடுறன். முன்னுக்கு நீங்கள் இருங்கோ அண்ணை. பெட்டிக்குள்ளை நான் இருக்கிறன்."

"முதலாளி சாமானோடை பெட்டிக்குள்ளை, வேலையாள் சீற்றிலை" என்றார் நானா. "உலகத்திலை இல்லாத கொம்பனி."

அப்படித்தான் அந்த வண்டியை வாங்கினோம். கைப்பிடியைப் பூட்டிய பிறகு முதலாளியே உள்ளே போய் இருந்து, நான் வெளியில் நிற்க, திறந்து காட்டினார். முன் இருக்கையும் மூடின இடம்தான். முதல் மாரி முழுக்க நான் என் பக்கக் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தேன். ஹீற்றர் ஒரு பக்கம், பனிக்காற்று மறுபக்கம் என்று நானா திட்டிக்கொண்டே ஓட்டினார், ஆனால் ஒருநாளும் ஏற்றச் சொல்லவில்லை. இன்றைக்கும் காட்டுக்குள் மரங்கள் நெருங்கி வருகிற இடத்தில் என் கை கண்ணாடியை இறக்கப் போகும். லிஃப்டில் இன்னும் ஏறவில்லை. மனைவிக்கு அன்று வீட்டுக்கு வந்த உடனே சொல்லிவிட்டேன். அவ தேத்தண்ணீர் போட்டுத் தந்தா. அதற்குப் பிறகு அரிசி வாங்கினால் மூட்டையை அவ லிஃப்டில் கொண்டு போவா, நான் படியால் வருவேன்.

கதை மட்டும் என்னை விட்டுவிட்டுத் தனியாக நடக்கத் தொடங்கியது. போன வருடம் கோயில் அன்னதான வரிசையில், என்னை யாரென்று தெரியாத ஒருவர் எனக்கே இதைச் சொன்னார். நான் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தேனாம். முருகப்பெருமான் வெள்ளைக்காரக் கிழவராக வந்து ஒற்றைக் கையால் வண்டியைத் தூக்கினாராம். "அவர் டிராக்டரிலை வந்தவர் அண்ணை, மயிலிலை இல்லை" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னொருவரின் கதையில் நானாவே இல்லை.

ஆண்டவன் அருள் இல்லை என்று நான் சொல்லவில்லை. அது எனக்கு ஈரச் சப்பாத்தோடு வந்தது, அவ்வளவுதான். ஆகவே இதை வாசிக்கிறவர்களை நான் கையெடுத்துக் கேட்பது இதுதான். உங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு, உங்கள் வீட்டில் படியால் ஏறுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது நான் எழுதியபடியே சொல்லுங்கள். என்னை மயங்க விடாதீர்கள். நானாவைத் தண்ணீரில் இருந்து எடுத்துவிடாதீர்கள். நான் நல்ல நினைவோடு, கூப்பிடுகிற குரலைக் கேட்டுக்கொண்டு, தட்டாமல் இருந்தேன். அந்த இடம் சொல்லக் கூச்சமான இடம்தான். எங்கள் சனத்துக்குள் இன்னும் தட்டாமல் இருக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக அதை அப்படியே விடுங்கள்.